முதல் ஒளியியல் அமைப்பு: வாங்குவதற்கு முன் அறிய வேண்டிய சொற்கள், கருவிகள், ஆவணங்கள்

பாடநூலில் லென்ஸ் சமன்பாட்டைச் சரியாகப் போடத் தெரிந்தவர்கூட, ஒரு லென்ஸை வாங்குவதற்காக விற்பனைப் பட்டியலைத் திறந்தவுடன் திகைத்து நிற்கிறார். கண்ணாடி வகை, பூச்சு, மேற்பரப்புத் தரம், பயன்படு விட்டம், பின்குவியத்தூரம் என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சொல் நிற்கிறது. அவற்றில் எது முக்கியம், எதை முதலில் முடிவு செய்ய வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்லும் ஓரிடம் எனக்குக் கிடைக்கவில்லை. துண்டு துண்டாகத் தேடித் திரட்டியதை, செய்ய வேண்டிய வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். ஒரு லேசர், ஒளியை எதிரொளித்துத் திருப்பும் இரண்டு கண்ணாடிகள், சில லென்ஸுகள், ஒளியை அளக்கும் ஓர் உணர்வி என்ற அளவிலான முதல் அமைப்பை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

1. முதலில் ஒரு தாளில் நான்கு எண்களை எழுதுங்கள்

அலைநீளம், ஒளியின் திறன், கற்றையின் விட்டம், அமைப்பின் மொத்த நீளம் ஆகிய நான்கும் எழுதப்படும்வரை எதையும் வாங்காதீர்கள். இவற்றுள் அலைநீளமே தலையாயது. பொருளின் அளவுகளைப் பட்டியலிடும் தரவுத்தாளில் அச்சிடப்பட்டிருக்கும் ஏறக்குறைய ஒவ்வோர் எண்ணும் ஏதோவொரு குறிப்பிட்ட அலைநீளத்திற்கு மட்டுமே உண்மையாகும்.

அலைநீளத்தை நானோமீட்டரில் குறிப்பார்கள். அது ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியும் ஒளி ஏறத்தாழ 380 முதல் 750 நானோமீட்டர் வரை பரவியிருக்கிறது. ஹீலியம்-நியான் லேசரின் சிவப்பு 632.8, பரவலாகக் கிடைக்கும் பச்சை லேசர் 532, தொழிற்கூடங்களில் பயன்படும் அகச்சிவப்பு லேசர் 1064, தொலைத்தொடர்பு ஒளி இழைகளில் ஓடுவது 1310 அல்லது 1550 என்பவை அடிக்கடி எதிர்ப்படும் எண்கள். 1240 என்ற எண்ணை அலைநீளத்தால் வகுத்தால் ஒரு ஃபோட்டானின் (ஒளித்துகளின்) ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் கிடைக்கும். எந்த உணர்வி எந்த ஒளியைக் காணும் என்பதைக் கணிக்க இந்த ஒரு வகுத்தலே போதும் என்பதால் இதை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது.

திறனைப் பொறுத்தவரை ஒரு பொறி இருக்கிறது. லூமன், லக்ஸ், கேண்டெலா ஆகியவை மனிதக் கண்ணின் உணர்திறனை உள்ளடக்கிய அலகுகள். வாட் என்பது வெறும் ஆற்றல் கணக்கு. 555 நானோமீட்டர் பச்சையில் ஒரு வாட் ஒளி 683 லூமனாகும், 650 நானோமீட்டர் சிவப்பில் அதே ஒரு வாட் ஏறத்தாழ 73 லூமன்தான், அகச்சிவப்பில் சுழியம். ஆகவே விளக்குகளை ஒப்பிட லூமனையும், லேசரையும் உணர்வியையும் பற்றிப் பேசும்போது வாட்டையும் பயன்படுத்துங்கள். பட்டியலில் லூமன் மட்டும் கொடுக்கப்பட்ட ஒளிமூலத்தை அளவீட்டுக்காக வாங்க வேண்டாம்.

2. லேசருக்கு முன் கண்காப்புக் கண்ணாடி

இந்தப் படியைத் தள்ளிப்போடக் கூடாது. கண்காப்பு வந்து சேர்ந்த பிறகே லேசர் வந்து சேரும்படி ஆர்டரைத் திட்டமிடுங்கள்.

ஐ.இ.சி. (பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம்) 60825-1 என்ற தரநிலை லேசர்களை 1, 1சி, 1எம், 2, 2எம், 3ஆர், 3பி, 4 என்று வகைப்படுத்துகிறது. தொடர்ந்து ஒளிரும் லேசரில் 2ஆம் வகை என்பது கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 1 மில்லிவாட்டுக்கு மேற்படாதது. கூசும்போது கால் நொடிக்குள் கண்ணை மூடிவிடுவோம் என்ற கணக்கில் அது ஏற்கப்படுகிறது. கண்ணுக்குத் தெரியும் 3ஆர் வகை 5 மில்லிவாட் வரையும், 3பி வகை 500 மில்லிவாட் வரையும் செல்லும். அதற்கு மேற்பட்டது 4ஆம் வகை. அதன் நேர்க்கற்றை மட்டுமின்றி, சுவரில் பட்டுச் சிதறும் ஒளியும் கண்ணைப் பாதிக்கக் கூடும். முதல் அமைப்புக்கு 2ஆம் வகை அல்லது 3ஆர் வகையைத் தாண்ட வேண்டிய தேவை பெரும்பாலும் வராது.

கண்காப்பில் ஓ.டி. என்று எழுதப்பட்டிருப்பது ஒளி அடர்த்தி. ஓ.டி. 1 பத்தில் ஒரு பங்கையும், ஓ.டி. 4 பத்தாயிரத்தில் ஒரு பங்கையும் மட்டுமே உள்ளே விடும். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் எந்த அலைநீள வரம்புக்கு என்று எழுதியிருக்கிறதோ அதற்கு மட்டும்தான் அது பொருந்தும். கண்ணாடியின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்வது ஆபத்தானது.

மலிவான பச்சை லேசர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவற்றுள் 808 நானோமீட்டர் டையோடு ஒரு படிகத்தைத் தூண்டி 1064 நானோமீட்டர் ஒளியை உண்டாக்குகிறது. அதன் அதிர்வெண் இரட்டிக்கப்பட்டு 532 நானோமீட்டர் பச்சை வெளிவருகிறது. மிஞ்சும் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி உள்ளே இல்லாவிட்டால், கண்ணுக்குத் தெரியாத ஒளியும் பச்சையுடன் சேர்ந்து வரும். பச்சையை மட்டும் தடுக்கும் கண்காப்பு அதை அப்படியே விட்டுவிடக் கூடும். இத்தகைய லேசரை வாங்குவதாக இருந்தால், அகச்சிவப்பு வடிகட்டி உள்ளதா என்பதை எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள்.

3. ஒளிமூலத்தைத் தேர்ந்தெடுங்கள்

எல்.இ.டி. ஒளியின் நிறமாலை அகலம் பொதுவாகச் சில பத்து நானோமீட்டர். ஒளி எல்லாத் திசைகளிலும் விரிவதால் அதைக் குறுகிய கற்றையாக்குவது கடினம். படம் பிடிப்பதற்கும் பொருளை ஒளியூட்டுவதற்கும் இது மிகப் பொருத்தமானது. ஒளியலைகள் ஒன்றன்மேல் ஒன்று சேர்வதால் தோன்றும் குறுக்கீட்டுப் பட்டைகளைக் காண வேண்டுமானாலோ, கற்றையை நெடுந்தூரம் செலுத்த வேண்டுமானாலோ லேசர் தேவைப்படும்.

லேசர் கற்றையும் விரியத்தான் செய்யும். எவ்வளவு விரியும் என்பது அதன் மிகக் குறுகிய இடத்தின் ஆரத்தைப் பொறுத்தது: அலைநீளத்தை, பை (π) மடங்கு ஆரத்தால் வகுத்தால் அரை விரிவுக் கோணம் ரேடியனில் கிடைக்கும். 632.8 நானோமீட்டரில் அரை மில்லிமீட்டர் ஆரம் கொண்ட கற்றைக்கு இது ஏறத்தாழ 0.4 மில்லிரேடியன், அதாவது போதுமான தொலைவு சென்ற பிறகு, ஒவ்வொரு மீட்டருக்கும் ஆரம் 0.4 மில்லிமீட்டர் கூடும். கற்றையை அகலப்படுத்தினால் விரிவுக் கோணம் அதே விகிதத்தில் குறையும். நீளமான அமைப்புகளில் கற்றை விரிப்பானை முதலில் வைப்பதன் காரணம் இதுவே.

டையோடு லேசர் மலிவானது, சிறியது; ஆனால் அதன் கற்றை வட்டமாக இருக்காது, நீள்வட்டமாக இருக்கும். வெப்பநிலை மாறினால் அலைநீளமும் நகரும். 800 நானோமீட்டரை ஒட்டிய டையோடுகளில் ஒரு செல்சியஸ் பாகைக்கு ஏறத்தாழ 0.3 நானோமீட்டர் நகர்வு இயல்பு. வெறும் டையோடை வாங்கினால் மின்னோட்டக் கட்டுப்பாட்டுக் கருவியும் வெப்பநிலைக் கட்டுப்பாடும் தனியே வாங்க வேண்டியிருக்கும். நிலைமின்சாரம் ஒரு தொடுகையிலேயே டையோடைக் கெடுத்துவிடும் என்பதால் மணிக்கட்டில் நிலமிணைப்புப் பட்டையும் வேண்டும். இவையெல்லாம் ஒரே பெட்டியில் அடங்கிய தொகுதியை வாங்குவதே புதியவருக்கு மொத்தத்தில் குறைந்த செலவு. எந்த லேசராக இருந்தாலும் இயக்கியவுடன் அளவெடுக்கத் தொடங்காதீர்கள். திறன் நிலைபெற எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று தரவுத்தாளில் பார்த்து, குறைந்தது அவ்வளவு நேரம் காத்திருங்கள்.

4. உணர்வியையும் அதே நேரத்தில் முடிவு செய்யுங்கள்

ஒளிமூலத்தை வாங்கிய பிறகு உணர்வியைத் தேடுவது தவறான வரிசை. சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி, அதாவது அதில் மின்னோட்டத்தை உண்டாக்க ஒரு ஃபோட்டானுக்குத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல், 1.12 எலக்ட்ரான் வோல்ட். முன்பு சொன்ன வகுத்தலைச் செய்தால் 1100 நானோமீட்டருக்கு அப்பால் அது ஒளியைக் காணாது என்பது தெரியும். 1310 அல்லது 1550 நானோமீட்டரில் வேலை செய்பவருக்கு இண்டியம் காலியம் ஆர்சனைடு உணர்வி வேண்டும். அது ஏறத்தாழ 900 முதல் 1700 வரை செயல்படும். விலை சிலிக்கானைவிடப் பல மடங்கு என்பதால், 1550இல் அமைப்பைத் தொடங்க வேண்டிய கட்டாயம் இல்லாதவர்கள் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பழகிவிட்டு அங்கே செல்வது நல்லது.

ஒளியை மின்னோட்டமாக்கும் உணர்வியான ஃபோட்டோடையோடின் தரவுத்தாளில் முதலில் பார்க்க வேண்டியது ஒரு வாட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்ற எண். சிவப்பு ஒளியில் சிலிக்கானுக்கு 0.4 என்று வைத்துக்கொண்டால், 1 மில்லிவாட் ஒளி 0.4 மில்லியாம்பியர் மின்னோட்டத்தைத் தரும். அதை 50 ஓம் தடையில் செலுத்தினால் 20 மில்லிவோல்ட், 10 கிலோ ஓமில் செலுத்தினால் 4 வோல்ட். பெரிய தடை பெரிய சைகையைத் தருகிறது, வேகத்தையோ பறித்துக்கொள்கிறது. மின்தேக்கத் திறன் 100 பிக்கோஃபாரடாக உள்ள ஓர் உணர்வியின் அலைவரிசை அகலம் (அது பின்தொடரக்கூடிய மாற்றத்தின் வேகம்) 50 ஓமில் ஏறத்தாழ 32 மெகாஹெர்ட்ஸ், 10 கிலோ ஓமில் 160 கிலோஹெர்ட்ஸ் மட்டுமே. சைகை தட்டையாக ஓரிடத்தில் நின்றுவிட்டால் உணர்வி நிறைவுற்றுவிட்டது என்று பொருள். ஒளியைக் குறைக்காமல் எடுக்கும் எந்த அளவும் பயன்படாது.

ஒளியின் திறனை அளக்கும் பவர் மீட்டர் ஒன்று கட்டாயம் வேண்டும். சிலிக்கான் தலை (ஒளி படும் உணர்விப் பகுதி) கொண்டது விரைவாகவும் நுண்ணிய திறனையும் அளக்கும். ஆனால் அளக்கும் அலைநீளத்தை ஒவ்வொரு முறையும் கருவியில் பதிய வேண்டும். வெப்பத் தலை மெதுவானது, பெரிய திறனுக்கு உரியது, அலைநீளத்தால் அதிகம் மாறாதது. மீட்டருடன் அளவுத்திருத்தச் சான்றிதழ் வர வேண்டும். அதில் தலையின் வரிசை எண், எந்தெந்த அலைநீளங்களில் திருத்தப்பட்டது, தேதி ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

5. லென்ஸ்: பட்டியலின் ஒவ்வொரு கட்டமும்

புதியவர்கள் மிகுதியாகப் பணம் இழப்பது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

குவியத்தூரம் என்று அச்சிட்டிருப்பது வடிவமைப்பு அலைநீளத்திற்கு உரியது. என்-பிகே7 என்ற வழக்கமான கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 587.6 நானோமீட்டரில் 1.5168, 1064 நானோமீட்டரில் அது ஏறத்தாழ 1.507 ஆகக் குறைகிறது. ஆகவே 100 மில்லிமீட்டர் என்று வாங்கிய லென்ஸ் அகச்சிவப்பில் 102 மில்லிமீட்டராக நடந்துகொள்ளும். இதற்கும் மேலாக, உற்பத்தியில் 1 விழுக்காடு வேறுபாடு இயல்பாக அனுமதிக்கப்படுகிறது. இடத்தை மில்லிமீட்டர் கணக்கில் நறுக்கி வடிவமைக்காமல், லென்ஸ் முன்னும் பின்னும் நகர இடம் விடுங்கள்.

பின்குவியத்தூரம் வேறு, குவியத்தூரம் வேறு. லென்ஸின் கடைசிப் பரப்பிலிருந்து குவியம் வரை உள்ள தொலைவே பின்குவியத்தூரம். ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் குவிந்தும் உள்ள தட்டைக்குவி லென்ஸின் தட்டையான பக்கம் குவியத்தை நோக்கியிருந்தால், மையத் தடிமனை ஒளிவிலகல் எண்ணால் வகுத்துக் குவியத்தூரத்திலிருந்து கழித்தால் அது கிடைக்கும். குறுகிய குவியத்தூரம் கொண்ட லென்ஸுகளில் இந்த வேறுபாட்டைப் புறக்கணித்தால் எதிரே வைக்கும் பொருள் லென்ஸின் மேலேயே முட்டும்.

தட்டைக்குவி லென்ஸை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்பதும் முக்கியம். இணைக்கற்றை வரும் பக்கத்தை வளைந்த பரப்பு நோக்கியிருக்க வேண்டும். தட்டையான பரப்பு குவியத்தை நோக்கியிருக்க வேண்டும். ஒளியை வளைக்கும் வேலை இரு பரப்புகளுக்கும் பகிர்ந்துவிடப்படுவதால் கோளப் பிறழ்ச்சி, அதாவது விளிம்புக் கதிர்களும் மையக் கதிர்களும் வெவ்வேறு இடத்தில் குவியும் குறை, வெகுவாகக் குறைகிறது. திருப்பி வைத்தாலும் ஒளி குவியும் என்பதால், புள்ளி ஏன் மங்கலாக இருக்கிறது என்று நெடுநேரம் தேடுவீர்கள். பொருளும் பிம்பமும் ஏறக்குறைய சம தொலைவில் இருந்தால் இருபுறக்குவி லென்ஸ் பொருந்தும். வெள்ளொளியில் படம் எடுப்பவர்கள், இரு வகைக் கண்ணாடியாலான லென்ஸுகளை ஒட்டி, நிறத்துக்கு நிறம் குவியம் மாறும் நிறப் பிறழ்ச்சியைக் குறைத்த இரட்டை லென்ஸை வாங்க வேண்டும். ஒரே அலைநீள லேசரிலும் அது கோளப் பிறழ்ச்சியைக் குறைக்கும் என்பதால் கூடுதல் செலவு வீணாவதில்லை.

விட்டம் முழுவதும் பயன்படாது. பெரும்பாலும் விட்டத்தின் 90 விழுக்காடே பயன்படு விட்டமாக உறுதியளிக்கப்படும். லேசர் கற்றையின் விட்டம் என்று தரவுத்தாளில் சொல்லப்படுவது செறிவு உச்சத்தில் 13.5 விழுக்காடாகக் குறையும் இடம். அதற்கு வெளியேயும் ஒளி இருக்கிறது. பயன்படு விட்டம் கற்றையின் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு இருந்தால் ஏறத்தாழ 99 விழுக்காடு ஒளி தடையின்றிச் செல்லும்.

எவ்வளவு சிறிய புள்ளியாகக் குவிக்கலாம் என்பதற்கு விளிம்பு விளைவு (விளிம்புகளில் ஒளி வளைந்து பரவுதல்) ஓர் எல்லை வைத்திருக்கிறது. குவியத்தூரத்தை, ஒளி நிரம்பிய விட்டத்தால் வகுத்தால் எஃப் எண். சீராக ஒளி நிரம்பிய பிழையற்ற லென்ஸில், அதை அலைநீளத்தாலும் 2.44ஆலும் பெருக்கினால் மையப் புள்ளியின் விட்டம் கிடைக்கும். எஃப் எண் 10, அலைநீளம் 632.8 நானோமீட்டர் என்றால் ஏறத்தாழ 15 மைக்ரோமீட்டர். இதைவிடச் சிறிய புள்ளி வேண்டுமானால் கற்றையை விரிப்பதோ குவியத்தூரத்தைக் குறைப்பதோதான் வழி; அதே லென்ஸின் விலையுயர்ந்த வடிவம் உதவாது.

6. பூச்சுகள், கண்ணாடிகள், வடிகட்டிகள்

பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. நான்கு லென்ஸுகள் என்றால் எட்டுப் பரப்புகள். மொத்தத்தில் ஏறத்தாழ 28 விழுக்காடு ஒளி போய்விடும். ஒரு பரப்பு 0.5 விழுக்காடு மட்டுமே எதிரொளிக்கும் பூச்சிருந்தால் இழப்பு 4 விழுக்காட்டில் நிற்கும். பூச்சின் அலைநீள வரம்பைக் கட்டாயம் ஒப்பிடுங்கள்: 650 முதல் 1050 வரைக்கான பூச்சைப் பச்சை லேசருக்கு வாங்கினால், பூச்சே இல்லாததைவிட அதிகமாக எதிரொளிக்கவும் கூடும்.

ஒளியை எதிரொளிக்கும் கண்ணாடிகளில் அலுமினியப் பூச்சு கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 90 விழுக்காட்டை ஒட்டியும், வெள்ளி அதைவிடக் கூடுதலாகவும் எதிரொளிக்கும். தங்கம் அகச்சிவப்புக்கு உரியது. உலோகமில்லாத பல அடுக்கு மின்காப்புப் பூச்சு 99 விழுக்காட்டைத் தாண்டும். ஆனால் குறித்த அலைநீளத்திலும் குறித்த படுகோணத்திலும் (ஒளி பரப்பில் வந்து படும் கோணத்திலும்) மட்டுமே. 45 பாகைக்கென வாங்கியதை நேர்க்குத்தாக வைத்துப் பயன்படுத்தக் கூடாது. வீட்டுக் கண்ணாடியில் பூச்சு பின்புறம் இருப்பதால் இரட்டைப் பிம்பம் வரும். ஒளியியல் வேலைக்கு முன்பரப்புப் பூச்சு கொண்டதே வேண்டும்.

செறிவு குறைக்கும் வடிகட்டிகளின் பெயரில் உள்ள குழப்பம் பலரைக் கெடுத்திருக்கிறது. ஒளிப்படத் துறையில் என்.டி.2 என்றால் ஒளி பாதியாகக் குறையும். ஆய்வகப் பட்டியலில் என்.டி. 2.0 என்றால் நூறில் ஒரு பங்காகக் குறையும், பாதியாக்க என்.டி. 0.3 கேட்க வேண்டும். ஆர்டரில் பெயரை எழுதுவதோடு, எத்தனை விழுக்காடு ஒளி செல்ல வேண்டும் என்றும் எழுதிவிடுங்கள்.

7. தளவிளைவு, கீற்றணி, ஒளி இழை

இவை முதல் அமைப்பில் எல்லோருக்கும் தேவைப்படாது. ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தளவிளைவாக்கியை வாங்குவோர், லேசரின் ஒளி ஏற்கெனவே தளவிளைவுற்றதா என்று பார்க்க வேண்டும். அவ்வாறு இல்லாத லேசர் மலிவாக இருப்பினும், தளவிளைவாக்கிக்குப் பின் அதன் திறன் ஏறியிறங்கித் தொல்லை தரும். அந்த அதிர்வுத் தளத்தைத் திருப்பும் அரை அலைத்தகட்டை எத்தனை பாகை திருப்புகிறோமோ அதன் இரு மடங்கு ஒளியின் தளம் திரும்பும். நெருங்கிய கோடுகளால் ஒளியை நிறம் நிறமாகப் பிரிப்பது கீற்றணி; ஒரு மில்லிமீட்டருக்கு 600 கோடுள்ள கீற்றணியில் நேர்க்குத்தாகப் படும் 632.8 நானோமீட்டர் ஒளி முதல் வரிசையில் ஏறத்தாழ 22.3 பாகைக்கு விலகும். அதற்கேற்ப மேசையில் இடம் ஒதுக்குங்கள்.

ஒளி இழையில், ஒளி ஒரே பாங்கில் மட்டும் செல்லும் தொலைத்தொடர்பு ஒற்றைப்பாங்கு இழையின் உள்ளகம் ஏறத்தாழ 9 மைக்ரோமீட்டர், பல பாங்குகளில் செல்லும் பல்பாங்கு இழையில் 50 அல்லது 62.5, இரண்டிலும் வெளியுறை 125 மைக்ரோமீட்டர் என்பதால் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். இணைப்பிகளில் ஏ.பி.சி. வகையின் முனை 8 பாகை சாய்வாகவும், பி.சி. வகையின் முனை சாய்வின்றியும் தீட்டப்பட்டிருக்கும். இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்தால் இழப்பு கூடும், முனையும் பழுதாகும்.

8. தாங்கிகளும் திருகுகளும்

லென்ஸுகளுக்கு ஆகும் செலவில் கணிசமான பங்கு தாங்கிகளுக்கும் ஆகும். இதைத் திட்டத்தில் சேர்க்காதவர்கள் நடுவழியில் நிற்கிறார்கள். மேசைத் துளைகள் இருவகை: 25 மில்லிமீட்டர் இடைவெளியில் எம்6 திருகு, அல்லது ஓர் அங்குல இடைவெளியில் கால் அங்குலத் திருகு. பத்து இடைவெளிகளில் இரண்டுக்கும் 4 மில்லிமீட்டர் வேறுபாடு வந்துவிடும். ஒன்றின் திருகை மற்றொன்றின் துளையில் முறுக்கினால் மரை சிதையும். லென்ஸிலும் 25 மில்லிமீட்டர் விட்டமும் 25.4 மில்லிமீட்டர் விட்டமும் தனித்தனியே விற்கப்படுகின்றன. தொடக்கத்திலேயே ஒரு முறையைத் தேர்ந்து, எல்லா ஆர்டரிலும் அதையே எழுதுங்கள்.

9. ஆர்டர், ஆவணங்கள், காலம்

விலைப்புள்ளி கேட்கும் கடிதத்தில் அலைநீளம், திறன், விட்டம், பூச்சு வரம்பு, படுகோணம், திருகு முறை ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். பெயரை மட்டும் எழுதி அனுப்பினால், கையிருப்பில் உள்ளதே வந்து சேரும்.

மேற்பரப்புத் தரம் 60-40, 40-20, 20-10 என்று எழுதப்படும்; முதல் எண் கீறலுக்கு, இரண்டாவது குழிக்கு. எண் குறையக் குறையக் கீறலும் குழியும் குறைவு, விலை கூடுதல். சாதாரணப் பணிக்கு 60-40 போதும். லேசர் பணிக்கு 40-20. திறன்மிக்க லேசருக்கே 20-10. தட்டைத்தன்மையிலும் இவ்வாறே: ஒளியலைகளின் குறுக்கீட்டால் அளக்கும் குறுக்கீட்டுமானியைக் கட்டாதவர் அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்குத் துல்லியத்திற்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. மிச்சமாகும் பணத்தை நல்ல கண்ணாடித் தாங்கிகளில் செலவிடுங்கள்.

கையிருப்புப் பொருள்கள் விரைவில் கிடைக்கும். தனிப்பூச்சோ தனிக் குவியத்தூரமோ கேட்டால் வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில் ஆகும், குறைந்தபட்ச எண்ணிக்கையும் கேட்பார்கள். எனவே முதலில் கையிருப்புப் பட்டியலைப் பார்த்து, அதற்கேற்ப வடிவமைப்பை மாற்ற முடியுமா என்று பாருங்கள். நாடு கடந்து வரும் சில திறன்மிக்க லேசர்களுக்கும் அகச்சிவப்புக் கேமராக்களுக்கும் இறுதிப் பயன்பாட்டு உறுதிமொழி கேட்கப்படும். அது கையொப்பமாகும்வரை பொருள் கிளம்பாது என்பதால் விலைப்புள்ளி கேட்கும்போதே விசாரியுங்கள். பொருளுடன் தரவுத்தாள், லேசர் வகைச் சான்று, வரிசை எண்ணுள்ள சோதனை அறிக்கை, அளவுத்திருத்தச் சான்றிதழ் ஆகியவை வந்தனவா என்று பெட்டியைத் திறந்த அன்றே சரிபாருங்கள். பல விற்பனையாளர்கள் குறைபாட்டைத் தெரிவிக்கக் குறுகிய காலமே தருகிறார்கள்.

10. கற்றையை நேர்ப்படுத்துதலும் தூய்மை செய்தலும்

கற்றையின் இடம், கோணம் இரண்டையும் திருத்த இரண்டு கண்ணாடிகள் வேண்டும். கற்றைப் பாதையில் அருகே ஒரு துளைத்திரை (நடுவில் சிறு துளையுள்ள தகடு), தொலைவில் ஒரு துளைத்திரை, இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். முதல் கண்ணாடியைத் திருப்பி அருகிலுள்ள துளையில் ஒளியைச் சேருங்கள். இரண்டாம் கண்ணாடியைத் திருப்பித் தொலைவிலுள்ள துளையில் சேருங்கள். இரண்டாவதைத் திருத்தும்போது முதலாவது சற்றே விலகும். மாறி மாறிச் செய்யச் செய்ய இரண்டும் பொருந்திவிடும். லென்ஸுகளை அதன் பிறகு ஒவ்வொன்றாக வையுங்கள். ஒவ்வொன்றையும் வைத்தபின் தொலைவிலுள்ள துளையில் ஒளியின் மையம் மாறவில்லை என்று பார்த்த பிறகே அடுத்ததை வையுங்கள். மோதிரம், கைக்கடிகாரம் போன்ற பளபளப்பான பொருள்களைக் கழற்றிவிட்டு, கற்றையின் உயரத்துக்குக் கண்ணைத் தாழ்த்தாமல், இயன்ற அளவு குறைந்த திறனில் இதைச் செய்ய வேண்டும்.

லென்ஸின் விளிம்பை மட்டும், கையுறை அணிந்து பிடியுங்கள். தூசி இருந்தால் முதலில் காற்றூதியால் ஊதுங்கள். உலர்ந்த தாளால் ஒருபோதும் துடைக்காதீர்கள், தூசியே கீறிவிடும். கறை போகாவிட்டால் லென்ஸ் தாளில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சில துளிகள் விட்டு, ஒரே திசையில் ஒரு முறை மெதுவாக இழுத்து, அந்தத் தாளை எறிந்துவிடுங்கள். பிளாஸ்டிக் லென்ஸில் அசிட்டோன் படக் கூடாது. கீற்றணியின் பரப்பையும் காப்புப் பூச்சில்லாத உலோகக் கண்ணாடியையும் எதனாலும் தொடக் கூடாது. அவற்றுக்கு ஊதுவது மட்டுமே. இழை முனைகளை இணைக்கும் முன் ஒவ்வொரு முறையும் துடையுங்கள், கழற்றியவுடன் மூடியைப் போடுங்கள். இழையைத் துடைப்பதற்கும் உருப்பெருக்கியால் பார்ப்பதற்கும் முன் லேசர் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும்.